முதல் உறைமோர் எங்கிருந்து வந்தது?

தயிர் வேண்டுமென்றால் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்ற வேண்டும். அந்த நேற்றைய தயிர் முந்தாநாள் தயிரில் உறைந்தது. அது அதற்கும் முந்தைய நாள் தயிரில். வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் உறைமோர் வாங்கி வருவார்கள். பக்கத்து வீட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கணினி உலகத்திலும் இப்படி ஓர் உறைமோர் கதை இருக்கிறது. அங்கே தயிருக்குப் பதில் கம்பைலர்.

மனிதர்கள் படிக்கும்படி எழுதிய மூலநிரலை, கணினி நேரடியாக ஓட்டக்கூடிய எண்களாக மாற்றித் தரும் நிரல் தான் கம்பைலர். அப்படி மாறி வரும் எண்களின் கோப்பை பைனரி என்பார்கள். ரஸ்ட் மொழியில் எழுதிய நிரலை மாற்ற ரஸ்ட் கம்பைலர் வேண்டும். சரி, ரஸ்ட் கம்பைலர் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? ரஸ்ட் மொழியிலேயே! அப்படியானால் அதை பைனரியாக மாற்றியது எது? அதற்கு முந்தைய பதிப்பு. அதை மாற்றியது? அதற்கும் முந்தைய பதிப்பு...

இப்படி ஒரு கம்பைலரை அடியிலிருந்து எழுப்பி நிறுத்தும் வேலைக்கு பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர். பூட்ஸில் இருக்கும் வாரைப் பிடித்து இழுத்து, தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று பொருள். நடக்காத காரியத்தைச் சுட்டிக்காட்டத் தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். கணினித் துறை அதை நடத்திக் காட்டியது. நடத்திக் காட்டிவிட்டு, எப்படி நடந்தது என்பதைப் பல இடங்களில் மறந்தும் போனது. அந்த மறதியால் வந்த ஆபத்தையும், அதைச் சரிசெய்யச் சிலர் பட்ட பாட்டையும் பற்றியது இந்தக் கட்டுரை.

தயிரே இல்லாத காலம்

ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை தான். கணினிக்கு வேண்டிய எண்களை மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1952-ல் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற நிரலை உருவாக்கினார். கம்பைலர் என்ற சொல்லை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவர் அவர். இன்றைய பொருளில் அது முழுக் கம்பைலர் அல்ல. ஏற்கெனவே எழுதிவைத்த துணைநிரல்களைத் தேடியெடுத்துக் கோத்துத் தரும் கருவி.

அடுத்து ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழு 1954-ல் வேலையைத் தொடங்கி 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்கு கம்பைலரை முடித்துக் கொடுத்தது. ஏறக்குறைய 18 ஆள்-ஆண்டு உழைப்பு. இயந்திர எண்களுக்குப் பதில் சுருக்கப் பெயர்களை வைத்து எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதினார்கள். இதுவும் கிட்டத்தட்ட கைவேலை தான்.

கம்பைலர் எழுத இவ்வளவு பாடு என்றால், அதை எளிதான ஒரு மொழியில் எழுதினால் என்ன? ஏன், எந்த மொழிக்காக எழுதுகிறோமோ அந்த மொழியிலேயே எழுதினால் என்ன? கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால் அந்த மொழிக்குத் தான் இன்னும் கம்பைலரே இல்லையே!

1962-ல் எம்ஐடியில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்ற இருவர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். அவர்களுடைய மொழி லிஸ்ப். அதற்குக் கம்பைலர் இல்லை, ஆனால் இன்டர்பிரட்டர் இருந்தது. நிரலை மொத்தமாக மாற்றாமல், வரி வரியாகப் படித்து அப்போதைக்கப்போது செய்துகாட்டுவது இன்டர்பிரட்டர். ஜான் மெக்கார்த்தி காகிதத்தில் எழுதியிருந்த ஒரு சிறு வரையறையை, அவர் குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் கையால் இயந்திர மொழிக்கு மாற்றியதில் பிறந்தது அது. ஹார்ட்டும் லெவினும் லிஸ்ப் கம்பைலரை லிஸ்பிலேயே எழுதினார்கள். அதை இன்டர்பிரட்டரில் மெதுவாக ஓடவிட்டு, அதன் மூலநிரலை அதற்கே கொடுத்தார்கள். மறுபக்கம் இயந்திர மொழியில் லிஸ்ப் கம்பைலர் வந்து விழுந்தது. அதன்பின் இன்டர்பிரட்டரின் தயவு தேவையில்லை.

உறைமோரே கிடைக்காத வீட்டில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டு உறைய வைப்பார்கள். முதல் நாள் தயிர் சுமாராகத் தான் இருக்கும். அதையே உறையாக வைத்து மறுநாள் தோய்த்தால் நல்ல தயிர் கிடைத்துவிடும். லிஸ்ப் இன்டர்பிரட்டர் செய்தது அந்தக் காம்பின் வேலை.

சுவிட்சர்லாந்தில் பாஸ்கல் மொழி பிறந்த கதை இன்னும் சுவாரசியம். சூரிக் நகரின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் நிக்லாஸ் விர்த்தின் மேற்பார்வையில் 1969-ல் பாஸ்கலுக்கான முதல் கம்பைலரை ஃபோர்ட்ரானில் எழுத முயன்றார்கள். சரிவரவில்லை. பாஸ்கலில் இருந்த வசதிகளைச் சொல்ல ஃபோர்ட்ரானில் வழி இல்லை. அந்த முயற்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பைலரை பாஸ்கலிலேயே எழுதினார்கள். ஓட்டிப் பார்க்க வழியே இல்லாமல் எழுதிய நிரல் அது. எழுதி முடித்ததும் ரூடி ஷில்ட் இரண்டு வாரம் வீட்டோடு அடைந்து கிடந்து, முழு நிரலையும் கீழ்நிலை மொழி ஒன்றுக்குக் கையால் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பு ஓடியது. 1970-ல் பாஸ்கல் கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்டது. அந்த இரண்டு வாரங்களுக்கு மனித மூளை ஒன்று தான் பாஸ்கல் கம்பைலர்!

அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். சி மொழிக்குத் தாய் மொழி அது. அவரிடம் இருந்தது பிடிபி-7 என்ற சின்னக் கணினி. மெமரி 8 ஆயிரம் சொற்கள் தான். பி கம்பைலரை முதலில் டிஎம்ஜி என்ற வேறொரு கருவியில் எழுதி, பிறகு பி மொழியிலேயே திருப்பி எழுதினார். மொழியில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தால் கம்பைலர் வீங்கி மெமரியில் அடங்காத நிலைக்கு வரும். ஆனால் அதே புது வசதியைப் பயன்படுத்திக் கம்பைலரைத் திருத்தி எழுதினால் மீண்டும் இளைத்துவிடும். டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதிய சி மொழியின் வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஏறி வந்த ஏணி

இதற்குப் பிறகு, தன் மொழியிலேயே எழுதப்பட்ட கம்பைலர் என்பது ஒரு மொழி வயதுக்கு வந்ததன் அடையாளமாகிவிட்டது. ஒவ்வொரு புது மொழியும் முதலில் வேறொரு மொழியின் தோளில் ஏறும். சொந்தக் காலில் நிற்க ஆரம்பித்ததும் அந்தப் பழைய கம்பைலரை விட்டுவிடும். எல்லாரிடமும் தான் பைனரி இருக்கிறதே, பழையது எதற்கு?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரை எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும், எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். லினக்ஸ் உலகம் முழுவதும் அதன் மேல் தான் எழுந்தது. ஆனால் ஜிசிசியின் முதல் பைனரி எப்படி வந்தது? அன்றைய யூனிக்ஸ் கணினிகளோடு வந்த சி கம்பைலர்களால் தான். அவை நிறுவனங்களின் சொத்து, மூடியவை. சுதந்திர மென்பொருளின் குடும்ப மரத்தில் மேலே ஏறிப் பார்த்தால் முப்பாட்டன் பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜிசிசியைக் கட்டும்போது ஒரு சோதனை உண்டு. இருக்கிற கம்பைலரைக் கொண்டு முதல் ஜிசிசி. அந்த முதலாவதைக் கொண்டு இரண்டாவது ஜிசிசி. இரண்டாவதைக் கொண்டு மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் எல்லாம் சரி. பிழைகளைப் பிடிக்க நல்ல முறை தான். ஆனால் தொடங்கிய கம்பைலரே கெட்டதாக இருந்து, அந்தக் கெடுதலைப் பரப்பும் வகையும் அதற்குத் தெரிந்திருந்தால்? மூன்று தலைமுறையும் ஒரே மாதிரி கெட்டுப் போயிருக்கும். சோதனை 'சரி' என்றே சொல்லும்.

அப்படி ஒன்று நடக்குமா என்று கேட்டால், நடக்கும் என்று சொன்னவர் வேறு யாருமல்ல, அதே கென் தாம்சன்.

மூலநிரலில் இல்லாத நினைவு

1983-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் கிடைத்தது. தாம்சனின் ஏற்புரை 1984-ல் அச்சில் வந்தது. சில பக்கங்கள் தான். அவர் முதலில் சொன்ன உதாரணம் மிகச் சாதாரணமானது.

சி மொழியில் சில குறியெழுத்துகளை பின்சாய்கோடு போட்டு எழுதுவார்கள். செங்குத்துத் தாவலுக்கு பின்சாய்கோட்டுக்குப் பின் 'வி' என்ற ஆங்கில எழுத்து. அதன் எண் 11. கம்பைலருக்கு இந்தக் குறி புதிது என்றால், அதன் மூலநிரலில் ஒரே ஒரு முறை "இந்தக் குறி வந்தால் 11 என்று எடுத்துக்கொள்" என்று எழுதிக் கம்பைல் செய்ய வேண்டும். புது பைனரிக்கு இப்போது அந்தக் குறி தெரியும். அடுத்ததாக மூலநிரலில் 11-ஐ அழித்துவிட்டு, "இந்தக் குறி வந்தால் இந்தக் குறியையே திருப்பிக் கொடு" என்று எழுதலாம். ஒன்றும் சொல்லாத வாக்கியம் போலத் தெரியும். ஆனால் கம்பைல் ஆகும்! 11 என்ற எண் மூலநிரலில் எங்கேயும் கிடையாது. பைனரியிலிருந்து பைனரிக்கு, தலைமுறை தலைமுறையாக அது இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதாவது, மூலநிரலில் எழுதப்படாத ஒரு விஷயத்தை பைனரி நினைவில் வைத்துக்கொள்ள முடியும். 11 என்ற எண்ணால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கலாமே?

தாம்சன் அதைத் தான் அடுத்துக் காட்டினார். கம்பைலரில் இரண்டு விஷயம் சேர்த்தால் போதும். ஒன்று, பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது, தனக்கு மட்டும் தெரிந்த ரகசியக் கடவுச்சொல்லையும் ஏற்கும்படி அதில் செருகிவிடுவது. இரண்டு, கம்பைலர் தன்னையே கம்பைல் செய்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு விஷயங்களையும் புது கம்பைலரில் செருகிவிடுவது. இப்படி ஒரு முறை பைனரி உருவாக்கியதும் மூலநிரலில் இருந்து எல்லாத் தடயத்தையும் அழித்துவிடலாம். லாகின் மூலநிரல் சுத்தம். கம்பைலர் மூலநிரல் சுத்தம். ஆயிரம் பேர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாலும் ஒன்றும் அகப்படாது. கதவு மட்டும் திறந்தே இருக்கும். தானே முழுக்க உருவாக்காத எந்த நிரலையும் ஒருவர் நம்ப முடியாது என்பது அவர் சொன்ன பாடம்.

இது வெறும் கற்பனை என்று பலர் நினைத்திருந்தார்கள். தாம்சன் உண்மையிலேயே எழுதிய அந்த நிரல் 2023 அக்டோபரில் அவருடைய அனுமதியோடு, விளக்கக் குறிப்புகளோடு வெளியிடப்பட்டது. மொத்தம் நூறு வரிக்கும் குறைவு!

வெளியுலகிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தாக்குதல்கள் வந்தன. 2009-ல் பிடிபட்ட இண்டக் வைரஸ், டெல்ஃபி மொழிக் கம்பைலர் இருக்கும் கணினிகளைத் தேடிப் போய், அந்தக் கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு நிரலிலும் தன்னை ஏற்றிவிட்டது. நிரலை எழுதியவருக்கே தெரியாது. 2015-ல் ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியின் திருத்தப்பட்ட பிரதிகள் சீனாவில் கோப்புப் பகிர்வுத் தளங்களில் சுற்றின. அதிகாரப்பூர்வப் பிரதியை இறக்க நேரமாகிறதே என்று அவற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்களின் செயலிகள் கிருமியோடு ஆப்பிள் கடை வரைக்கும் போயின. பக்கத்து வீட்டு மோர் தான்...

வழங்கல்களின் வாக்குறுதி

இந்தச் சிக்கல் அதிகம் உறுத்த வேண்டியது லினக்ஸ் வழங்கல்களை. டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்றவை தான் வழங்கல்கள். ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் மூலநிரலைத் திரட்டி, கம்பைல் செய்து, நிறுவத் தயாரான பொதிகளாகக் கொடுப்பது அவற்றின் வேலை. 1993-ல் தொடங்கிய டெபியன் இதில் மூத்தவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பொதிக்கும் மூலநிரல் இதோ, நீங்களே கட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் தரும் வாக்குறுதி. முதன்மைத் தொகுப்பில் உள்ள எதையும் கட்ட, அந்தத் தொகுப்புக்கு வெளியே உள்ள எதுவும் தேவைப்படக்கூடாது என்பது டெபியனின் விதி.

தன்னையே தனக்குத் தேவையாக வைத்திருக்கும் கம்பைலர் இந்த விதியை மீறுவதில்லை. முந்தைய பதிப்பு ஏற்கெனவே தொகுப்புக்குள் இருக்கிறதே! ஆனால் முதல் நாள்? அன்றைக்கு யாராவது ஒருவர் மொழியின் சொந்தத் தளத்திலிருந்து ஒரு பைனரியை இறக்கி, அதைக் கொண்டு முதல் பொதியைக் கட்டித் தான் ஏற்ற வேண்டும். அன்று வந்த உறைமோரில் தான் அதன்பின் எல்லாத் தயிரும்.

ஒவ்வொரு மொழியும் இதில் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது.

ஜாவாவை சன் நிறுவனம் 2006-ன் இறுதியிலிருந்து திறமூலமாக வெளியிடத் தொடங்கியது. மகிழ்ச்சி. ஆனால் அந்த ஓப்பன்ஜேடிகேயைக் கட்ட, சன்னின் மூடிய ஜாவா தேவைப்பட்டது. வழங்கல்களால் அதைத் தொட முடியவில்லை. ரெட் ஹேட் நிறுவனத்தார் 2007-ல் ஐஸ்டீ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஜிசிசியின் ஒரு பகுதியாக இருந்த ஜிசிஜே என்ற சுதந்திர ஜாவா கம்பைலரைக் கொண்டே எல்லாவற்றையும் கட்ட வழி செய்தார்கள். வேலை முடிந்தது, ஜிசிஜேயை யாரும் பராமரிக்கவில்லை, 2017-ல் வெளியான ஜிசிசி 7-லிருந்து அதை நீக்கிவிட்டார்கள். ஏணி மறுபடியும் போயிற்று! இன்று ஜாவாவை அடியிலிருந்து எழுப்ப விரும்புபவர்கள், ஐபிஎம் முன்பு சி++ மொழியில் எழுதிய ஜைக்ஸ் என்ற பழைய கம்பைலரைத் தூசிதட்டி எடுத்து, பழைய ஐஸ்டீ வழியாக ஒவ்வொரு படியாக மேலே வருகிறார்கள்.

கூகுளின் கோ மொழி கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொண்டது. 2015-ல் வந்த 1.5 பதிப்பில் கம்பைலரை சி மொழியிலிருந்து கோ மொழிக்கே மாற்றினார்கள். ஆனால் சி மொழியில் இருந்த கடைசிப் பதிப்பான 1.4-ஐ ஏணியாகவே விட்டுவைத்தார்கள். சி கம்பைலர் இருந்தால் 1.4-ஐக் கட்டலாம். அதைக் கொண்டு 1.17, அதைக் கொண்டு 1.20, அதைக் கொண்டு 1.22 என்று குறைந்த படிகளிலேயே மேலே வந்துவிடலாம். எந்தப் பதிப்புக்கு எது வேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சிக்கலான குழந்தை ரஸ்ட். கிரேடன் ஹோர் ஓகேமல் மொழியில் எழுதிய கம்பைலரில் பிறந்து, 2011-ல் தன்னைத் தானே கம்பைல் செய்யத் தொடங்கியது. அப்போது மொழியே வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. அந்த ஓகேமல் கம்பைலரிலிருந்து தொடங்கினால் 2015-ல் வந்த 1.0 பதிப்பை எட்டவே நூற்றுக்கணக்கான இடைநிலைப் பிரதிகளைக் கட்டியாக வேண்டும். 1.0-க்குப் பின் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தையது தேவை.

இது ஏதோ நிபுணர்களின் தலைவலி என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2017-லேயே ஃபயர்பாக்ஸ் உலாவியைக் கட்ட ரஸ்ட் கட்டாயமாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் பைத்தான் மொழியின் கிரிப்டோகிராஃபி தொகுப்பு தன் 3.4 பதிப்பில் ரஸ்டைக் கேட்க ஆரம்பித்ததும், ரஸ்ட் எட்டாத பழைய வகைக் கணினிகளில் வழங்கல் நடத்திக்கொண்டிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். ஒரு கம்பைலருக்கு வழி இல்லை என்றால் அதை நம்பியிருக்கும் அத்தனைக்கும் வழி இல்லை.

இங்கேயும் ஒரு மிளகாய்க் காம்பு கிடைத்தது. ஜான் ஹாட்ஜ் என்பவர் சி++ மொழியில் எழுதிய எம்ரஸ்ட்சி. அது ரஸ்ட் நிரலைப் படித்து சி நிரலாக மாற்றித் தரும். ரஸ்டின் பெருமையே மெமரியை யார் எப்போது தொடலாம் என்று கறாராகச் சோதிப்பது தான். எம்ரஸ்ட்சி அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை! ரஸ்ட் கம்பைலரின் மூலநிரல் ஏற்கெனவே சரியாகத் தானே இருக்கிறது, மறுபடி ஏன் சோதிக்க வேண்டும் என்பது அதன் கட்சி. நல்ல கம்பைலர் அல்ல, ஆனால் ஒரு நல்ல கம்பைலரைப் பிறக்க வைக்க அது போதும். 2018-ல் கீக்ஸ் என்ற வழங்கல் எம்ரஸ்ட்சியைக் கொண்டு ரஸ்ட் 1.19-ஐக் கட்டி, அங்கிருந்து 1.20, 1.21 என்று ஒவ்வொரு பதிப்பாக மேலேறியது. பின்னாளில் எம்ரஸ்ட்சி 1.54 வரை கற்றுக்கொண்டதும் கீழ்ப்படிகள் பல தேவையற்றுப் போயின.

357 பைட்

இதுவரை சொன்ன எல்லாப் பாதையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். ரஸ்டுக்கு சி++, கோவுக்கு சி, ஜாவாவுக்கு சி++. சி, சி++ இரண்டுக்கும் ஜிசிசி. ஜிசிசிக்கு?

ஜிசிசிக்கு முந்தைய ஜிசிசி. அதற்குப் பதில் சொல்லத் துணிந்ததும் கீக்ஸ் தான். லுடோவிக் கூர்டெஸ் 2012-ல் தொடங்கிய வழங்கல் இது. இதில் ஒவ்வொரு பொதியும் எதிலிருந்து எப்படிக் கட்டப்பட்டது என்பது முழுக்க எழுதப்பட்டிருக்கும். எழுதி வைத்தால் ஒளிக்க முடியாதே! சங்கிலியின் அடியில், மூலநிரலிலிருந்து கட்டப்படாத பைனரி மூட்டை ஒன்று அப்பட்டமாகத் தெரிந்தது. ஜிசிசி, சி நூலகம், அடிப்படைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 250 மெகாபைட். மற்ற வழங்கல்களிலும் இந்த மூட்டை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. கணக்கில் காட்டாததால் கண்ணில் படவில்லை, அவ்வளவு தான்.

அந்த மூட்டையைக் கரைக்கும் வேலையில் முக்கியமானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யானெக்கெ நியூவன்ஹௌசன். அவர் உருவாக்கிய மெஸ் என்பதில் இரண்டு பாதிகள். ஒன்று சி மொழியில் எழுதிய ஸ்கீம் இன்டர்பிரட்டர். மற்றொன்று ஸ்கீம் மொழியில் எழுதிய சி கம்பைலர். ஒன்று மற்றொன்றைத் தாங்கும். ஸ்கீம் என்பது லிஸ்பின் வாரிசு என்பதால், 1962-ல் ஹார்ட்டும் லெவினும் செய்த அதே வேலை அரை நூற்றாண்டு கழித்து மறுபடி நடந்தது என்றே சொல்லலாம். மெஸ் வந்ததும் மூட்டை 2019-ல் பாதியானது, 2020-ல் கால் பங்கானது.

மெஸ்ஸைத் தாங்க எது? அதற்கு ஜெரமையா ஓரியன்ஸ் தொடங்கிய ஸ்டேஜ்0 திட்டம் கைகொடுத்தது. அதன் அடியில் ஹெக்ஸ்0 என்ற மிகச் சிறிய நிரல் இருக்கிறது. பதினாறடி எண்களாக எழுதிய கோப்பைப் படிக்கும், குறிப்புரைகளைத் தள்ளிவிடும், எண்களை அப்படியே பைட்டுகளாக எழுதித் தரும். அவ்வளவு தான் அதற்குத் தெரியும்.

2023 ஏப்ரலில் கீக்ஸ் அறிவித்தது. 22 ஆயிரத்துக்கும் அதிகமான பொதிகளின் மரம் முழுவதும் இனி 357 பைட் நிரல் ஒன்றில் வேர் விடுகிறது!

357 பைட் என்றால் பதினாறடி எண்ணில் 714 இலக்கங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும். ஒவ்வொரு பைட்டும் எந்த இயந்திரக் கட்டளை என்று கணினி அறிவியல் மாணவர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் சரிபார்த்துவிடலாம்.

அங்கிருந்து மேலே ஏறும் படிகள் ஏறக்குறைய கணினியின் வரலாற்றையே திருப்பி நடித்துக் காட்டுகின்றன. ஹெக்ஸ்0 கட்டும் ஹெக்ஸ்1-க்கு ஓரெழுத்துக் குறிப்பெயர்கள் புரியும். ஹெக்ஸ்2-க்கு நீளமான பெயர்களும் புரியும். அதன்மேல் ஒரு சின்ன அசெம்ப்ளர். அசெம்ப்ளரின் மேல் சி மொழியின் சிறு பகுதி மட்டும் தெரிந்த கம்பைலர். அதைக் கொண்டு எம்2-பிளானட் என்ற கொஞ்சம் பெரிய கம்பைலர். அது மெஸ்ஸைக் கட்டும். மெஸ், ஃபாப்ரிஸ் பெல்லார் எழுதிய டைனி சிசி என்ற குட்டி சி கம்பைலரைக் கட்டும். டைனி சிசி, 2001-ல் வெளியான ஜிசிசி 2.95.3-ஐக் கட்டும். பிறகு ஜிசிசி 4.6, பிறகு 4.9, பிறகு இன்றைய ஜிசிசி.

நடுவில் இவ்வளவு பழைய பதிப்பு எதற்கு என்று தோன்றலாம். 2013-ல் வந்த ஜிசிசி 4.8-லிருந்து ஜிசிசியே சி++ மொழிக்கு மாறிவிட்டது. அதைக் கட்ட முன்கூட்டியே ஒரு சி++ கம்பைலர் வேண்டும். ஆகவே சி மட்டும் போதும் என்றிருந்த காலத்து ஜிசிசிக்குப் போய், அங்கிருந்து சி++ கற்றுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. காலாவதியான குப்பை என்று அந்தப் பழைய மூலநிரலை எவரேனும் அழித்திருந்தால் இந்தப் பாதையே இல்லை. க்னூ திட்டம் அவற்றைத் தன் கிடங்கில் போட்டுவைத்திருந்தது. பழைய பதிப்புகளைச் சேமிப்பது வெறும் அருங்காட்சியக ஆசை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மீதி இருப்பவை

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2023-ல் கீக்ஸ் அறிவித்தபோதே அவர்களும் அதை ஒளிக்கவில்லை. படிகளை வரிசையாக ஓட்டிக்கொடுக்க கைல் என்ற ஸ்கீம் இன்டர்பிரட்டரின் 25 மெகாபைட் பைனரி அப்போதும் தேவைப்பட்டது. அடியில் லினக்ஸ் கெர்னல் இருந்தது. கெர்னலும் இல்லாமல் தொடங்கும் வழிகளை லைவ்-பூட்ஸ்ட்ராப் போன்ற தனித் திட்டங்கள் கட்டின. அதற்கும் கீழே சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதன் மூலநிரல் யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை.

வேறொரு வழியும் உண்டு. டேவிட் வீலர் 2005-ல் முன்வைத்து 2009-ல் தன் முனைவர் பட்ட ஆய்வாக விரித்து எழுதியது. சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரால் கட்ட வேண்டும். அப்படி வந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கட்ட வேண்டும். கடைசியில் வரும் பைனரி, சந்தேகத்துக்குரிய பைனரியோடு ஒரு பிட் கூட மாறாமல் ஒத்துப்போனால், மூலநிரலில் இல்லாத எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை என்று கொள்ளலாம். இரண்டு கம்பைலர்களிலும் ஒரே திருடன் இருந்தால் ஒழிய! முற்றிலும் வேறு வழியில் பிறந்த கம்பைலர் வேண்டும் என்பதால், இதற்கும் பூட்ஸ்ட்ராப்பிங் பாதைகள் உதவுகின்றன.

இத்தனைக்கும் இதுவரை ஜிசிசியில் தாம்சன் சொன்னது போன்ற ஒளிவு எதுவும் இருந்ததாக யாரும் கண்டதில்லை. 357 பைட்டிலிருந்து ஏறி வந்தவர்கள் மேலே வந்து பார்த்தபோது எந்தத் திருடனும் அகப்படவில்லை. அப்படியானால் இத்தனை வருட உழைப்பு வீணா?

2024 மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவியில் பின்வாசல் ஒன்று பிடிபட்டது. கெட்ட நிரல், சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் பைனரி வடிவில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரி, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகள் வரை போய்விட்டது. லாகின் ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று ஒருவர் நோண்டிப் பார்த்ததால் தான் தப்பினார்கள். இது கம்பைலர் தாக்குதல் அல்ல. ஆனால் ஒளிந்த இடம் அதே இடம். "இது எங்கிருந்து வந்தது?" என்று யாரும் கேட்காத இடம்.

திருட்டு நடந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு சமூகம் தான் அன்றாடம் நம்பி வாழும் கருவியை அடியிலிருந்து மறுபடி செய்யத் தெரிந்து வைத்திருக்கிறதா என்பது. 2010-களில் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'தெரியாது' என்பதாகத் தான் இருந்தது. உலகத்தில் இருக்கும் அத்தனை கம்பைலர் பைனரிகளும் ஒரே நாளில் அழிந்துபோனால், மூலநிரல் மலையாகக் குவிந்திருந்தும் அதை ஓட்ட வழி இருந்திருக்காது. இன்று 714 இலக்கங்களும், அவற்றிலிருந்து மேலேறும் படிகளும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

பக்கத்து வீட்டு மோர் நல்ல மோராகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித் தான் இருக்கும். ஆனாலும் மிளகாய்க் காம்பு வைத்தியம் தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பது நல்லது.